சுவாசப்பைப் புற்றும் சிறுநீரகமும்



சுவாசப்பையிற் புற்றுநோய் கண்ட ஒருவருக்குச் சிறுநீரகமும் பழுதுற்றிருக்குமாயின், அவருடைய வீட்டார் இருவகைப் பேச்சுக்களைக் கேட்க நேர்கின்றது. "சிறுநீரகம் இந்த நிலையில் இருக்கும்பொழுது புற்றுநோய் மருந்து ஏற்றினால் ஆளே போய்விடுவார், இருக்கிற நாளை நிம்மதியாகக் கழிக்கட்டும்" என்பது ஒரு பேச்சு. "உயிரைக் கொண்டுபோக வந்தது புற்று; அதை முதலில் அடக்குங்கள், சிறுநீரகத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நோயாளியிடத்து அன்புடையோரே சொல்கின்றனர். ஆயினும் முதற் பேச்சைக் கேட்டுப் பயன்தரக்கூடிய சிகிச்சையை இழந்தவரும் உளர். இரண்டாம் பேச்சைக் கேட்டு மருந்தினாலேயே சிறுநீரகத்தை இழந்தவரும் உளர். இவ்விரண்டுக்கும் இடையே வைத்தியர்கள் கண்டுள்ள வழி எத்தகையது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இவ்விரு நோய்களும் ஒருவரிடத்திலே சந்திப்பது அரிதன்று. சுவாசப்பைப் புற்று பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வருவது. அந்த வயதில் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் பலருடைய சிறுநீரகத்தை அரித்துவிட்டிருக்கின்றன. புகைத்தலுக்கும் இப்புற்றுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்திலே டோல், ஹில் என்னும் இருவர் 1950ஆம் ஆண்டில் எண்களால் நிறுவிக் காட்டினர். அதே புகை குருதிக் குழாய்களைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் தளர்த்துகின்றது. எங்கள் நாட்டிலே இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அனுராதபுரம், பொலன்னறுவை ஆகிய மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த வவுனியாப் பகுதியிலும், நீரிழிவோ குருதியமுக்கமோ இல்லாத கமக்காரரிடையே நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருப்பதை 1990ஆம் ஆண்டுகளில் வைத்தியர்கள் கண்டனர். அதன் காரணம் இன்னும் விவாதத்திலேயே இருக்கின்றது. அவர்களுள் ஒருவருக்குச் சுவாசப்பையிற் கட்டி தோன்றுமாயின், அவர் புற்றுநோய் வைத்தியரிடம் வரும்பொழுதே பாதி வலுவிழந்த சிறுநீரகத்துடன் வருகின்றார்.

சிறுநீரகத்தின் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறையப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகள் இருக்கின்றன. சுகதேகி ஒருவரின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 100 முதல் 125 மில்லிலீற்றர் வரை நீரைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் இது 180 லீற்றர் வரையில் வரும். அதில் ஒன்றரை லீற்றர் அளவே சிறுநீராக வெளியேற, எஞ்சியது உடலுக்கே மீள்கின்றது. இந்த வடிப்பு வேகம் 60க்குக் குறைந்து மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால், அதை நாட்பட்ட சிறுநீரக நோய் என்கின்றோம். 15க்குக் கீழே சென்றுவிட்டால் பொறியின் துணையால் குருதியைச் சுத்திகரிக்க வேண்டிய காலம் அண்மித்துவிட்டது என்று பொருள். நாம் உட்கொள்ளும் மருந்துகளிற் பலவும் இவ்வழியாகவே வெளியேறுகின்றன. வழி குறுகினால் மருந்து உடலிலே தேங்கும். தேங்கினால் மருந்தாக வந்தது நஞ்சாகும்.

சுவாசப்பைப் புற்றுக்குக் கொடுக்கப்படும் இரசாயன மருந்துகளுள் நெடுங்காலம் தலைமை வகித்தது சிசுபிளாற்றின் என்பதாகும். அதன் கதை சுவையானது. பிளாற்றினம் என்னும் விலையுயர்ந்த உலோகத்தைக் கொண்ட இந்தச் சேர்வையை இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே என்பவர் 1844ஆம் ஆண்டிலேயே ஆக்கினார். ஆனால் அதனால் மனிதருக்கு யாது பயன் என்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலே பார்ணெற் ரோசன்பேர்க் என்பவர், பற்றீரியாக்கள் வளரும் கரைசலினுள் மின்சாரத்தைச் செலுத்தினால் என்ன நிகழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பற்றீரியாக்கள் இரண்டாகப் பிளவுபடுவதை நிறுத்தி, நீண்ட இழைகளாக வளர்ந்தன. மின்சாரத்தின் செயலே இது என்றுதான் முதலிற் கருதினார். ஆராய்ந்தபொழுது, மின்வாய்களாக வைத்திருந்த பிளாற்றினம் சிறிது கரைந்து கரைசலிலே கலந்ததே காரணம் என்று தெரிந்தது. 1965ஆம் ஆண்டில் இதனை அவர் வெளியிட்டார். கலங்கள் பிளவுபடுவதைத் தடுக்கும் பொருள், கட்டின்றிப் பிளவுபடும் புற்றுநோய்க் கலங்களையும் தடுக்குமன்றோ? அந்த எண்ணத்தின் வழியே வந்த மருந்துதான் 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்ற சிசுபிளாற்றின்.

ஆயினும் அது கைவிடப்பட்டுப் போயிருக்க வேண்டிய மருந்து. முதன்முதலாக அதைப் பெற்ற நோயாளர் பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. சிறுநீரகத்தின் நுண்குழாய்க் கலங்கள் இந்த மருந்தைத் தாமே இழுத்துக்கொள்வதால், குருதியில் உள்ளதினும் பன்மடங்கு செறிவிலே அது அங்கு சேர்கின்றது. வெளியேற்ற வேண்டிய உறுப்பே அதைத் தன்னுள் வைத்துக்கொண்டு வெந்து போகின்றது என்று சொல்லலாம். மருந்துக்கு முன்னும் பின்னும் உப்புநீரை நாளத்தின் வழியே தாராளமாக ஏற்றி, மக்னீசியத்தையும் ஈடுசெய்யும் முறை வந்த பின்னரே இம்மருந்து நிலைபெற்றது. இந்நாளிலும் சிசுபிளாற்றின் பெறுபவர் கட்டிலிற் கிடந்து பல மணிநேரம் போத்தல் போத்தலாக நீர் ஏற்றிக்கொள்வதன் காரணம் இதுவே. "ஒரு சிறிய போத்தல் மருந்துக்கு இவ்வளவு தண்ணீரா?" என்று சலித்துக்கொள்வோர் இதனை அறிந்திருப்பது நன்று.

வடிப்பு வேகம் 60க்குக் கீழுள்ளவருக்கு இம்மருந்தைத் தவிர்ப்பது பல வைத்தியர்களின் வழக்கம். 50 வரையில் மிகுந்த கவனத்துடன் கொடுப்போரும் உளர். ஆகவே எல்லாம் அந்த ஓர் எண்ணிலே தங்கியிருக்கின்றது. அந்த எண்ணை எவ்வாறு அறிகின்றோம் என்பதிலேதான் பெரும் ஏமாற்றம் ஒன்று ஒளிந்திருக்கின்றது. இதனைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன்.

தசைகள் தொழிற்படும்பொழுது கிரியற்றினின் என்ற கழிவுப்பொருள் உண்டாகின்றது. சிறுநீரகம் அதனை வெளியேற்றுகின்றது. எனவே குருதியிலே கிரியற்றினின் கூடியிருந்தால் சிறுநீரகம் தளர்ந்திருக்கின்றது என்று கொள்கின்றோம். பரிசோதனைத் தாளிலே 1.2 என்று எழுதியிருந்தால், "பயமில்லை, எல்லையிலேதான் இருக்கின்றது" என்று வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் கழிவு உண்டாவது தசையிலிருந்து அல்லவா? தசையே வற்றிப்போன ஒருவருக்குக் கழிவும் குறைவாகவே உண்டாகும். வடி அடைபட்டிருந்தாலும், வந்து சேரும் கழிவு குறைவாக இருப்பதால், குருதியில் உள்ள அளவு பெரிதாக ஏறாது. புற்றுநோயால் மெலிந்த முதியவரின் நிலை இதுதான்.

கொக்குறொவ்ற், கோல்ற் என்னும் இருவர் 1976ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வகுத்தனர். நேயர்கள் ஒரு கடதாசியில் எழுதிப் பார்க்கக்கூடிய அளவு எளிதான கணக்கு அது. 140இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். வருவதை உடல் நிறையாற் பெருக்க வேண்டும். பின்னர் கிரியற்றினின் அளவை 72ஆற் பெருக்கி, அதனால் வகுக்க வேண்டும். பெண்ணாயின் வரும் விடையை 0.85ஆற் பெருக்க வேண்டும். இப்பொழுது இருவரை எடுத்துக்கொள்வோம். முப்பத்தைந்து வயது, எழுபது கிலோ நிறையுள்ள இளைஞர் ஒருவர்; எழுபது வயது, நாற்பது கிலோ நிறையுள்ள மூதாட்டி ஒருவர். இருவர் தாளிலும் கிரியற்றினின் ஒரே அளவு: 1.2 மில்லிக்கிராம். கணக்கைச் செய்தால் இளைஞரின் வடிப்பு 85 என்று வருகின்றது. மூதாட்டியின் வடிப்போ வெறும் 27! தாளிலே இருவரும் சமம். உடலிலே ஒருவர் சுகதேகி, மற்றவர் சிறுநீரக நோயின் நான்காம் படியில் நிற்பவர். தாளை மட்டும் பார்த்து அம்மூதாட்டிக்கு முழு அளவு சிசுபிளாற்றின் ஏற்றியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணிப் பாருங்கள். இக்காலத்தில் இதினும் நுட்பமான கணக்குகள் வந்துள்ளன. பரிசோதனைச் சாலைகள் தாமே வடிப்பைக் கணித்து எழுதிக் கொடுப்பதும் உண்டு. ஆனால் மெலிந்த நோயாளிக்கு எந்தக் கணக்கும் ஒரு மதிப்பீடே. ஐயம் வலுவாயின், சிறுநீரை முழு நாளும் சேர்த்து அளப்பது போன்ற வேறு வழிகளை வைத்தியர் நாடுவர்.

இனி, அந்த மூதாட்டிக்குச் சிகிச்சை இல்லையா? உண்டு. சிசுபிளாற்றினின் தம்பி என்று சொல்லத்தக்க காபோபிளாற்றின் என்ற மருந்தொன்று இலண்டன் ஆராய்ச்சியாளரால் உருவாக்கப்பட்டு 1980ஆம் ஆண்டுகளிலே வழக்கத்துக்கு வந்தது. அதுவும் பிளாற்றினச் சேர்வையே. அதுவும் சிறுநீரகத்தின் வழியேதான் வெளியேறுகின்றது. ஆனால் போகும் வழியிலே சிறுநீரகத்தை அவ்வளவாகக் காயப்படுத்துவதில்லை. அது தேங்கினால் வேறொரு தீங்கு விளையும்: என்பு மச்சை ஒடுங்கி, குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்து, குருதிப் பெருக்கு நேரும்.

பழைய முறையிலே மருந்தின் அளவை நோயாளியின் உயரத்தையும் நிறையையும் கொண்டு கணித்தனர். இதனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்து மிஞ்சியது. சிறுநீரகம் வலுவாய் இருந்தவருக்கோ மருந்து விரைவாய் வெளியேறியதால் போதாமற் போயிற்று. 1989ஆம் ஆண்டில் கல்வேட் என்னும் ஆங்கிலேய வைத்தியரும் அவருடன் உழைத்தோரும் இதற்கு ஒரு சூத்திரம் கண்டனர். வடிப்பு வேகத்துடன் 25ஐக் கூட்டி, உடலிலே மருந்து எவ்வளவு காலம் எவ்வளவு செறிவில் நிற்க வேண்டும் என்று வைத்தியர் தீர்மானிக்கும் இலக்கெண்ணாற் பெருக்குவது அச்சூத்திரம். இலக்கு 5 என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன இளைஞருக்கு 550 மில்லிக்கிராம் வருகின்றது, மூதாட்டிக்கு 260. அவருக்குக் குறைவாகக் கொடுக்கின்றோம் என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. அளவு பாதியிலும் குறைவாயினும், உடலினுள் மருந்து செய்யும் வேலை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பொறியின் மூலம் குருதிச் சுத்திகரிப்புச் செய்பவருக்கு வடிப்பு சூனியம் என்று கொண்டாலும், 25ஐ 5ஆற் பெருக்க 125 மில்லிக்கிராம் கிடைக்கின்றது. அவருக்கு இந்த அளவைக் கொடுத்து, அடுத்த சுத்திகரிப்பை எப்போது செய்வது என்பதை இரு துறை வைத்தியரும் கூடி நேரங் குறித்துச் செய்கின்றனர். வாரத்தில் மூன்று நாள் பொறியோடு பிணைக்கப்பட்டவருக்கும் புற்றுநோய் மருந்து கொடுக்கலாம் என்பதை அறியாமலே வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ!

ஒன்றை மறைக்காமற் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சையின் பின்னரோ, கதிர்ச் சிகிச்சையுடன் சேர்த்தோ நோயை அடியோடு நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கும் கட்டத்திலே, சிசுபிளாற்றினே மேலானது என்பது பல வைத்தியரின் கருத்து. அங்கே மாற்று மருந்துக்குப் போவதில் ஓரளவு இழப்பு உண்டு. நோய் பரவிவிட்ட நிலையிலோ இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சிறிது. ஆகவே, எந்தக் கட்டத்தில் நிற்கின்றோம் என்பதைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

துணை மருந்துகளும் ஒரே தன்மையன அல்ல. பக்கிளிற்றாக்செல், டோசிற்றாக்செல், வினோரெல்பின் ஆகியவை ஈரலின் வழியே வெளியேறுவதால் சிறுநீரக நோயாளருக்குப் பெரும்பாலும் பொருந்துகின்றன. எற்றோப்போசைட்டு ஒரு பங்கு சிறுநீரகத்தால் வெளியேறுவது; வடிப்புக் குறைந்தவருக்கு அதன் அளவை நான்கில் மூன்று பங்காகக் குறைப்பது வழக்கம். பெமெற்றெக்செட்டு என்ற மருந்தை வடிப்பு 45க்குக் கீழுள்ளவருக்குக் கொடுத்தலாகாது. வடிப்பு 80க்குக் கீழுள்ளவர் இம்மருந்தைப் பெறும் நாட்களிலே இபுபுரோபன் போன்ற நோவு மாத்திரைகளை உட்கொள்வது ஆபத்தானது. மருந்து ஏறும் நாளும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாளும் அவற்றைத் தொடாதிருக்க வேண்டும். கடையில் வாங்கிய ஒரு மாத்திரை வைத்தியரின் கணக்கையே குலைத்துவிடுகின்றது.

இதுவரை சொன்னவை கலங்களைக் கொல்லும் மருந்துகள். இந்த நூற்றாண்டிலே வேறு இருவகை மருந்துகள் வந்து, சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் புதிய வாயில்களைத் திறந்திருக்கின்றன. சில புற்றுக்களிலே கலத்தின் மேலுள்ள வளர்ச்சிக் காரணி வாங்கி ஒன்று விகாரமடைந்து, ஓயாமல் வளரும்படி கலத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றது. இவ்விகாரம் 2004ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது. புகைக்காதவரிடத்தும், பெண்களிடத்தும், ஆசிய மக்களிடத்தும் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. இதனை அடக்கும் ஜெவிற்றினிப்பு என்ற மாத்திரை 2002ஆம் ஆண்டில் யப்பானிலே முதன்முதலாக அங்கீகாரம் பெற்றது. அதில் நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவாகவே சிறுநீருடன் வெளியேறுகின்றது. ஏனையது ஈரலின் வழியே மலத்துடன் போகின்றது. பின்னர் வந்த ஒசிமேற்றினிப்பும் பெரும்பகுதி அவ்வாறே. ஆகவே சிறுநீரகத்தின் பொருட்டு அளவைக் குறைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் இம்மாத்திரைகள் வயிற்றோட்டத்தை உண்டாக்கக் கூடும். தளர்ந்த சிறுநீரகத்துக்கு நீரிழப்பைப் போன்ற பகை வேறில்லை. இரண்டு நாள் வயிற்றோட்டத்தைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சிறுநீர் வற்றிய நிலையில் வருவோரை வைத்தியசாலைகள் கண்டிருக்கின்றன.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. இந்த வாங்கியின் பெயர்ச் சுருக்கம் ஈ.ஜி.எவ்.ஆர். சிறுநீரகத்தின் மதிப்பிடப்பட்ட வடிப்பு வேகத்துக்கும் ஆங்கிலச் சுருக்கம் அதே நான்கு எழுத்துக்கள்தாம்! ஒரு தாள் கட்டியைப் பற்றியது, மற்றத் தாள் சிறுநீரகத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றென எண்ணி வீட்டார் குழம்புவது இயல்பு. எண் எழுதியிருப்பது பெரும்பாலும் சிறுநீரகத் தாள்; விகாரம் உண்டு, இல்லை என்று எழுதியிருப்பது கட்டியின் தாள்.

மற்றொரு வகை, உடலின் நிர்ப்பீடனத்தைத் தட்டியெழுப்பும் மருந்துகள். புற்றுநோய்க் கலங்கள் நமது காவற் கலங்களை உறங்கவைக்கும் தந்திரத்தை அறிந்தவை. அத்தந்திரத்தை முறிக்கும் வழியைக் கண்டமைக்காக யப்பானியரான தசுக்கு ஒஞ்சோவும் அமெரிக்கரான யேம்சு அலிசனும் 2018ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். பெம்புரோலிசுமாப்பு, நிவொலுமாப்பு முதலிய இம்மருந்துகள் பெரிய புரத மூலக்கூறுகள்; சிறுநீரக வடியின் துளைகளினூடே அவை செல்வதில்லை. எனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், பொறியில் வாழ்பவருக்கும் அளவைக் குறைக்காமலே கொடுக்கின்றனர். தீங்கே இல்லையென்று சொல்வதற்கில்லை. தட்டியெழுப்பப்பட்ட காவற்படை சில வேளை சொந்த உறுப்புக்களையே தாக்கும். நூற்றில் ஒருசிலருக்குச் சிறுநீரகத்திலே அழற்சி உண்டாகின்றது. வயிற்றெரிவுக்காக ஒமெப்பிறசோல் போன்ற மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வோரிடத்து இது கூடுதலாக நேர்கின்றது என்பது அனுபவம். நேரத்துடன் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாற்றக்கூடியது. கண்டுபிடிக்க வேண்டுமாயின், ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுமுன்னரும் கிரியற்றினின் பார்க்க வேண்டும்.

இம்மருந்துகளை எல்லாம் ஆராய்ந்த பெரும் ஆய்வுகளிலே ஒரு குறை இருக்கின்றது. அவற்றிற் பெரும்பாலானவை சிறுநீரகம் பழுதுற்றவர்களைத் தம்முட் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆய்வின் முடிவு குழம்பக்கூடாது என்பதற்காகவும், நோயாளிக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதற்காகவும் அவ்வாறு செய்தனர். விளைவு யாதெனில், யாருக்குச் சிகிச்சை மிகக் கடினமோ, அவரைப் பற்றிய அறிவே மிகக் குறைவாக இருக்கின்றது. சிறு தொகையினரின் அனுபவங்களையும், மருந்து உடலிலே செல்லும் வழியைப் பற்றிய அறிவையும் கொண்டு வைத்தியர் தாமே நிதானிக்க வேண்டியிருக்கின்றது. ஒரு வைத்தியர் ஒருவாறும் மற்றவர் வேறொருவாறும் சொன்னால், இருவரில் ஒருவர் அறியாதவர் என்று முடிவு கட்டிவிடுதல் நியாயமன்று.

கட்டி சிறிதாகவும் ஓரிடத்திலும் இருக்கும்பொழுதே கண்டுவிட்டால், இந்தக் கணக்குகளிற் பெரும்பாலானவை தேவைப்படா. சத்திரசிகிச்சை சிறுநீரக நோயாளருக்கும் செய்யப்படுகின்றது. ஆபத்துச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. அதனைத் தாங்க இயலாதவருக்கு, மூன்று முதல் ஐந்து தடவைகளிலே வலிய கதிர்களைக் கட்டியின்மீது மாத்திரம் குவித்துச் செலுத்தும் முறை இருக்கின்றது. சுவாசப்பையிலே படும் கதிர் சிறுநீரகத்தைத் தொடுவதில்லை. படம் பிடிக்கும்பொழுது நாளத்திலே ஏற்றும் அயடீன் கலந்த சாயத்தை மட்டும் வடிப்பு 30க்குக் கீழுள்ளவருக்கு யோசித்தே கொடுக்க வேண்டும். அதற்காகப் படமே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவதும் பிழை; சாயமின்றியும் சுவாசப்பையை ஓரளவு நன்றாகவே காணலாம்.

நோவு தணிக்கும் மருந்தைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டியிருக்கின்றது. ஏனெனில் தீங்கு பெரும்பாலும் இங்கேதான் அறியாமல் நுழைகின்றது. பனடோல் என்று நாம் வழங்கும் பரசிற்றமோல் அளவோடு எடுத்தால் இவர்களுக்குத் தகும். டைக்குளோபினாக்கு முதலியவை தகா. கடும் நோவுக்கு மோபீன் சிறந்த மருந்து; ஆனால் அது உடலிலே மாறி உண்டாகும் பொருள் சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டியது. தேங்கினால் நோயாளி நாள் முழுதும் மயங்கிக் கிடப்பார், மூச்சும் தளரும். "புற்று மூளைக்கு ஏறிவிட்டது" என்று வீட்டார் அழுதுகொண்டிருக்க, காரணம் மருந்தின் தேக்கமாக இருக்கக் கூடும். இத்தகையோருக்குப் பெந்தனில் என்ற, தோலில் ஒட்டத்தக்க மருந்து பெரும்பாலும் பொருத்தமானது. என்புக்குப் பரவிய நோய்க்கு ஏற்றும் சொலெற்றோனிக் அமிலமும் வடிப்பு 30க்குக் கீழுள்ளவருக்கு ஆகாது.

வீட்டு வைத்தியத்தையும் விட்டுவிட முடியாது. தமரத்தங்காய், பிலிம்பிக்காய் ஆகியவற்றின் சாறு நீரிழிவுக்கு நல்லது, புற்றுக்கு நல்லது என்று குவளை குவளையாகக் கொடுப்போர் எம்மிடையே உளர். இரண்டிலும் ஒட்சாலிக் அமிலம் மிகுதி. அதன் பளிங்குகள் சிறுநீரகக் குழாய்களை அடைத்து விடும். தமரத்தங்காயிலோ நரம்பைத் தாக்கும் நஞ்சொன்றும் இருக்கின்றது. சிறுநீரகம் தளர்ந்தவர் அதை உண்டபின் நில்லாத விக்கல் எடுத்தால், அது வேடிக்கையன்று. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எல்லாருக்கும் கணக்கு ஒரே திசையிலே செல்வதுமில்லை. சிலருக்குக் கால்களும் முகமும் வீங்கி, சிறுநீரிலே புரதம் மிகுதியாகக் கழிகின்றது. சிறுநீரக நோய் என்று சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்பொழுதே சுவாசப்பையிற் கட்டி தென்படுகின்றது. புற்றே இவ்வாறு சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும் என்பதை 1966ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சிலர் தெளிவுபடுத்தினர். இத்தகையோரிடத்துப் புற்றுக்குச் சிகிச்சை செய்வதே சிறுநீரகத்துக்கும் சிகிச்சையாகின்றது. கட்டி அகற்றப்பட்டபின் வீக்கம் வடிந்தோரும் உளர். அறுபது வயதைக் கடந்த, நெடுநாள் புகைத்த ஒருவருக்குக் காரணமின்றிச் சிறுநீரிலே புரதம் கழியுமாயின், நெஞ்சையும் ஒருமுறை படம் பிடித்துப் பார்க்குமாறு வைத்தியர் சொல்வது இதனாலேயே.

எங்கள் நாட்டிலே புற்றுநோய்க்கு மகரகமவுக்கோ தெல்லிப்பழைக்கோ செல்கின்றவர், சிறுநீரகத்துக்கு வேறொரு வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் செல்வது வழக்கம். ஓரிடத்திலே எழுதியதை மற்ற இடம் அறிவதற்கு நோயாளியின் கையிலுள்ள கிளினிக் கொப்பியே துணை. "இங்கே வந்தது நெஞ்சுக்கு, சிறுநீரகக் கொப்பி எதற்கு?" என்று அதை வீட்டிலே வைத்துவிட்டு வரவேண்டாம். பழைய கிரியற்றினின் தாள்களும் வேண்டும். இன்றைய எண்ணைவிட, ஆறு மாதத்துக்கு முன்னிருந்து அது எவ்வாறு நகர்ந்து வந்திருக்கின்றது என்பது வைத்தியருக்குக் கூடுதலாகப் பேசும்.

இறுதியாக, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவரின் நிலை. இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. பிறர் தந்த சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க, நிர்ப்பீடனத்தை அடக்கும் மாத்திரைகளை அவர் நாள்தோறும் உட்கொள்கின்றார். புற்றை வெல்லவோ அதே நிர்ப்பீடனத்தைத் தட்டியெழுப்ப வேண்டியிருக்கின்றது. அவ்வாறு எழுப்பியபொழுது பத்துப் பேரில் ஏறக்குறைய நால்வருக்கு மாற்றுச் சிறுநீரகம் நிராகரிக்கப்பட்டதாக இதுவரை கிடைத்த அனுபவங்கள் காட்டுகின்றன. கட்டியிலே மேற்சொன்ன விகாரம் இருந்தால் மாத்திரையோடு அப்பாற் செல்லலாம். காபோபிளாற்றின் போன்றவற்றை முதலில் நாடலாம். அடக்கும் மாத்திரைகளை மாற்றியமைத்துப் பார்க்கலாம். இவை யாவும் முடிந்தபின் எஞ்சுவது ஒரு கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் வைத்தியர் அல்லர். "புற்று அடங்குமாயின் மீண்டும் வாரம் மூன்று நாள் பொறிக்குப் போகச் சம்மதம்" என்று சொல்லும் நோயாளர் உண்டு. "என் தங்கை தந்த சிறுநீரகம் இது, என்னோடு இருக்கும் வரை இருக்கட்டும்" என்று சொல்வோரும் உண்டு. அவர் எதைச் சொன்னாலும், அதை முதலிற் கேட்டறிந்த பின்னரே மருந்துச் சீட்டை எழுத வேண்டும்.